டார்ச் லைட்டுக்காரர் வந்த கதை

வீடு வாங்கின கதையை எழுதறேன் எழுதறேன்னு சொல்லி ரொம்ப நாளா இழுத்தடித்துக்கொண்டிருக்கிறேன். இன்னிக்கும் முழுசா எழுதப் போவதில்லை. அதிலிருந்து ஒரே ஒரு சனிக்கிழமை காலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நியூஜெர்சியில் நாங்கள் விலை பேசி முடித்திருந்த வீட்டுக்கு ஹோம் இன்ஸ்பெக்டர் வந்த நாள் அது. அறுபது வயசு இருக்கும். முழங்காலில் பேட், கையில் டார்ச், தோளில் மடக்கு ஏணி. வந்தவர் நேரா வீட்டுக்குள் நுழையவில்லை. முதலில் வீட்டைச் சுற்றி நடந்தார். மண் வீட்டை நோக்கிச் சரிந்திருக்கா, வெளிப்பக்கமா சரிந்திருக்கா என்று பார்த்தார். மழைத்தண்ணி எங்கே போகும் என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி. அப்புறம் கூரை, அட்டிக், ஃபர்னஸ், கரண்ட் பெட்டி, குழாய் என்று ரெண்டரை மணி நேரம். பாத்ரூம் ஃபேன் ஈரக்காற்றை வெளியே தள்ளாமல் அட்டிக்குக்குள்ளேயே தள்ளிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார். கூரைப் பலகையில் கறுப்பா பூஞ்சை படர்ந்திருந்ததைக் காட்டினார். அந்த வீட்டை நான் அதுக்கு முன்னாடி மூணு தடவை பார்த்திருந்தேன். மூணு தடவையும் நான் பார்த்தது கிச்சன் கவுண்ட்டரையும் சாமி அலமாரி எங்கே வைக்கலாம் என்பதையும்தான். தங்கமணி குளோசெட்டைப் பார்த்தார். அட்டிக்கை யாரும் பார்க்கலை :-)

ஆனால் என் மனசில் உட்கார்ந்துவிட்டது பூஞ்சை இல்லை. இந்த இன்ஸ்பெக்டரை நான் தேர்ந்தெடுத்த விதம். எங்க ஏஜெண்ட் மூணு பேர் பெயர் இருந்த ஒரு காகிதத்தை நீட்டி, "மூணு பேருமே ரொம்ப ரீசனபிள்" என்றார். நண்பர் ஒருத்தர் சிபாரிசு செய்த நாலாவது ஆளின் பெயரைச் சொன்னேன். ஏஜெண்ட் முகம் லேசா சுருங்கியது. "அவரா... அவர் டீல் கில்லர் ஆச்சே" என்றார். அதாவது வியாபாரத்தைக் கெடுப்பவர். நான் அந்த டீல் கில்லரைத்தான் கூப்பிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் யோசித்தேன். காசு கொடுப்பது நான். வேலை பிடித்துக் கொடுப்பது ஏஜெண்ட். வீடு கைமாறினால்தான் ஏஜெண்டுக்குக் கமிஷன். அப்போ இந்த டார்ச் லைட்டுக்காரர் யாருடைய ஆள்? அதைத் தோண்டப் போய்த்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கிட்டு உட்காருங்க.

கதை ஒரு கரையானில் ஆரம்பிக்கிறது.

1938 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலம் நியூட்டன் என்ற ஊரில் ஒருவர் குடும்பத்தோடு குடியிருக்க ஒரு வீடு வாங்கினார். விற்றது ஒரு சேமிப்பு வங்கி. ரெண்டு வருஷம் கழித்து, 1940 ஆகஸ்டில், வீடு முழுக்கக் கரையான் என்று தெரியவந்தது. கரையானை ஒழிக்கவும், தின்றதைச் சரிசெய்யவும் கைக்காசு கரைந்தது. விற்கும்போதே வங்கிக்கு இது தெரியும், எனக்குத் தெரிய வழியில்லை, தெரிந்தும் மறைத்துவிட்டார்கள் என்று வழக்கு போட்டார். 1942-ல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 'ஸ்விண்டன் எதிர் விட்டின்ஸ்வில் சேமிப்பு வங்கி' என்று அமெரிக்க சட்டக் கல்லூரிகளில் இன்னிக்கும் பாடமா வைக்கிற வழக்கு.

நீங்க சொல்றது அத்தனையும் உண்மைன்னே வச்சுக்குவோம் என்றது நீதிமன்றம். வங்கிக்குத் தெரியும், உமக்குத் தெரியாது, கரையான் வீட்டைத் தின்றது, எல்லாம் நிஜம். அப்படியே இருந்தாலும் வழக்கு நிற்காது! ஏன்னா வங்கி பொய் சொல்லவில்லை. கேட்டதுக்குத் தப்பா பதில் சொல்லவில்லை. பாதி உண்மை சொல்லி ஏமாற்றவில்லை. நீர் போய்ப் பார்ப்பதைத் தடுக்கவும் இல்லை. சும்மா இருந்தது. சும்மா இருப்பது குற்றமில்லை. வெளியே தெரியாத குறையைச் சொல்லாத விற்பவரைத் தண்டித்தால், வெளியே தெரியாத நல்ல அம்சத்தைச் சொல்லாமல் மலிவா வாங்கின வாங்குபவரையும் தண்டிக்கணுமே என்று ஒரு வாதமும் வைத்தார்கள். மனுஷ சுபாவத்தின் பலவீனத்துக்கு மேல் அவ்வளவு உயர்ந்த ஒழுக்கத்தைச் சட்டம் இன்னும் சுமத்தவில்லை என்பதுதான் சாராம்சம். அந்த 'இன்னும்' என்கிற வார்த்தையில் நீதிபதிக்கே கொஞ்சம் சங்கடம் இருந்த மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

லத்தீனில் 'கேவியட் எம்ப்டார்' என்பார்கள். வாங்குகிறவனே, ஜாக்கிரதை. இங்கிலாந்தின் பழைய சட்ட மரபில் இருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்தது.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். இதே இங்கிலாந்துக்காரர்கள் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்த 1882-ம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டத்தில் 55-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சொத்தில் ஒரு முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததா இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆகணும். நியூட்டன் கரையானுக்கு அறுபது வருஷம் முன்னாடியே! ஆனால் நாம என்ன செய்கிறோம்? மூலப்பத்திரம் பார்ப்போம், பட்டா பார்ப்போம், வில்லங்கச் சான்றிதழ் போட்டு முப்பது வருஷத்து வரலாற்றை வக்கீலிடம் கொடுப்போம், வாஸ்து பார்ப்போம். சுவரைப் பார்க்கத் தெரிந்த மேஸ்திரி ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போய்த் தட்டிப் பார்க்கச் சொல்வதோடு சரி. சட்டம் இருந்தது, பார்க்கிற தொழில் உருவாகவில்லை. அமெரிக்காவில் நேரெதிர். சட்டம் இல்லாத இடத்தில்தான் தொழில் முளைத்தது.

உடனே முளைத்துவிடவில்லை. ரெண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவத்திலிருந்து திரும்பியவர்களுக்கு அரசாங்க உத்தரவாதத்தில் கடன் கிடைத்தது. லெவிட்டவுன் மாதிரி ஊர்களில் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வீடுகள் எழும்பின. பழைய காலத்தில் வீடு கட்டுகிற தச்சரை ஊரில் எல்லாருக்கும் தெரியும். கட்டினது இளித்தால் அவர் தெருவில் நடக்க முடியாது. இப்போ கட்டுவது கம்பெனி. வாங்குபவருக்கு மரவேலை தெரியாது, கான்கிரீட் தெரியாது. முப்பது வருஷக் கடனுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். (நம்மைப் போல!)

நீதிமன்றங்களும் மெதுவா மாற ஆரம்பித்தன. 1960-ல் வாஷிங்டன் மாநிலத்தில் இன்னொரு கரையான் வழக்கு. இந்தத் தடவை விற்றவருக்குக் கரையான் இருப்பது தெரியும், அரைகுறையா மருந்தடித்து, தின்ற இடங்களை மேலோட்டமா மூடிவிட்டு விற்றிருந்தார். அந்த மாநில உச்ச நீதிமன்றம், மாசசூசெட்ஸ் சொன்னதை நாங்க ஏத்துக்கலை என்று சொல்லி, வாங்கினவர் பக்கம் நின்றது. 1968-ல் டெக்சாஸ். ஒரு விதவைப் பெண் புது வீடு வாங்கி, குளிர்காய முதல் தடவையா கணப்பில் நெருப்பு மூட்டியிருக்கிறார். புகைபோக்கியைச் சரியா கட்டவில்லை. வீடே பாதி எரிந்துபோனது. கட்டி விற்றவரின் வக்கீல் 'வாங்குகிறவனே ஜாக்கிரதை' என்றுதான் வாதாடினார். புது வீடு கட்டி விற்பவர்களுக்கு இந்தப் பழைய விதி இனி செல்லாது என்றது டெக்சாஸ் உச்ச நீதிமன்றம். நியாயம்தானே, புகைபோக்கிக்குள் தலையை விட்டா பார்க்க முடியும்?

அப்புறம் வந்தது பெரிய அடி. எனக்கு இந்த வரலாற்றிலேயே மனசைப் பிசைந்த பகுதி இதுதான்.

1934-லிருந்து அமெரிக்காவில் எஃப்.ஹெச்.ஏ. என்ற கூட்டாட்சி வீட்டு நிர்வாகம் இருக்கிறது. அது கடன் கொடுப்பதில்லை, வங்கி கொடுக்கிற கடனுக்குக் காப்பீடு கொடுக்கும். அதுக்கு முன்னாடி ஒரு மதிப்பீட்டாளர் போய் வீட்டைப் பார்த்து விலை போடுவார். 1968-ல் வந்த வீட்டுவசதிச் சட்டத்தின் 235-வது பிரிவு, ஏழைக் குடும்பங்கள் மிகக் குறைந்த முன்பணத்தில் சொந்த வீடு வாங்க வட்டி மானியம் கொடுத்தது. அதுவரை வங்கிகள் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்த கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் சொந்த வீடு. நல்ல திட்டம். ஆனால் நடுவில் புகுந்த சிலர் இடிந்து விழுகிற பழைய வீடுகளை மலிவா வாங்கி, பெயிண்ட் அடித்து, பல மடங்கு விலைக்கு இந்தக் குடும்பங்கள் தலையில் கட்டினார்கள். மதிப்பீட்டாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். சிலர் காசு வாங்கிக்கொண்டும் போட்டார்கள்.

அந்தக் குடும்பங்கள் நினைத்தது என்ன? அரசாங்க ஆள் வந்து பார்த்துட்டுப் போயிட்டார், வீடு நல்லாத்தான் இருக்கும். யார்தான் அப்படி நினைக்கமாட்டார்கள்? ஆனால் அவர் பார்த்தது கடனுக்காக. வாங்கினவருக்காக அங்கே யாருமே பார்க்கவில்லை. குளிர்காலம் வந்தது, ஃபர்னஸ் வேலை செய்யவில்லை, கூரை ஒழுகியது, கரண்ட் ஒயர் புகைந்தது. ரிப்பேர் செய்யக் காசில்லாமல் கடனைக் கட்ட முடியாமல் வீட்டை விட்டுவிட்டுப் போனார்கள். 1971 ஜனவரியில் நாடாளுமன்ற வங்கிக் குழுவின் அறிக்கை இதை வெளியே கொண்டுவந்தது. வீட்டுவசதித் துறை செயலராக இருந்த ஜார்ஜ் ராம்னி (2012-ல் ஒபாமாவை எதிர்த்து நின்ற மிட் ராம்னியின் அப்பா) பழைய வீடுகளுக்கு இந்தத் திட்டத்தையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்.

இன்னிக்கு எஃப்.ஹெச்.ஏ. கடன் வாங்கினால் ஒரு தாள் கொடுப்பார்கள். மதிப்பீடு வேறு, இன்ஸ்பெக்ஷன் வேறு, உங்களுக்காக நீங்களே ஒருவரை வைத்துப் பாருங்கள் என்று அரசாங்கமே சொல்லும். நான் அந்த மாதிரித் தாள்களை எல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஜாதி. இப்போ படிக்கும்போது அந்தத் தாளுக்குப் பின்னாடி எத்தனை வீடு காலியாச்சோ என்று இருக்கிறது.

இந்தச் சூழலில்தான் வீடு கட்டும் ஒப்பந்தக்காரர்களும் இன்ஜினியர்களுமா சில பேர், ஃபீஸ் வாங்கிக்கொண்டு வாங்குபவருக்காக வீட்டைப் பார்த்துச் சொல்வதைத் தனித் தொழிலாகவே செய்ய ஆரம்பித்தார்கள். 1976-ல் சங்கம் வைத்தார்கள், 'ஆஷி' என்று சுருக்கமா சொல்வார்கள். என்னென்ன பார்க்கணும், என்னென்ன பார்க்க வேண்டியதில்லை என்று விதி எழுதினார்கள். பார்த்த வீட்டில் தானே ரிப்பேர் காண்டிராக்ட் எடுக்கக் கூடாது, ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுத்து வேலை பிடிக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. டாக்டரே மருந்துக் கடையும் வைத்தால் எல்லாருக்கும் வியாதி வந்துவிடும் இல்லையா, அந்தக் கதைதான்.

ஆனால் இந்தத் தொழிலை ஊரறிய வைத்தது அந்தச் சங்கம் இல்லை, ஒரு மலைச்சரிவு.

கலிஃபோர்னியாவில் டயப்லோ என்ற இடத்தில் ஒரு ஏக்கர் நிலம், நீச்சல் குளம், விருந்தினர் வீடு சகிதம் ஒரு பெரிய வீடு. 1976-ல் ஒருவர் 1,70,000 டாலருக்கு வாங்கினார். கொஞ்ச நாளில் நிலம் சரிந்தது. அடுத்த வருஷம் இன்னும் சரிந்தது. வீடு நகர்ந்து, கதவெல்லாம் சட்டத்துக்குள் கோணிக்கொண்டது. அது இறுக்காமல் கொட்டின மண்ணின் மேல் கட்டின வீடு. முந்தின சொந்தக்காரர்கள் காலத்திலேயே சரிவு வந்து சரிசெய்திருந்தார்கள், விற்கும்போது வாயே திறக்கவில்லை. சரிசெய்யும் செலவு 2,13,000 டாலர் வரை போகும் என்று நிபுணர்கள் சொன்னார்கள். வாங்கின விலையை விட அதிகம்.

விற்றவர்மேல் பொறுப்பு விழுந்தது யாருக்கும் ஆச்சரியமில்லை. தரகர்மேலும் விழுந்ததுதான் குண்டு. விற்றவரின் தரகர்களுக்குச் சரிவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர்களில் ஒருவர் சரிவில் வலை விரித்திருந்ததைப் பார்த்திருக்கிறார். விருந்தினர் வீட்டின் தரை மட்டமில்லாததையும் பார்த்திருக்கிறார்கள். பார்த்தும் மண்ணைச் சோதிக்கச் சொல்லவில்லை. 1984-ல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம், 'ஈஸ்டன் எதிர் ஸ்ட்ராஸ்பர்கர்' வழக்கில், தனக்குத் தெரிந்ததைச் சொன்னால் மட்டும் போதாது, ஒழுங்கா கண்ணால் பார்த்திருந்தால் தெரிந்திருக்க வேண்டியதையும் தரகர் சொல்லணும் என்றது. தரகு நிறுவனத்தின் பங்கு நஷ்டத்தில் 5 சதவீதம்தான். ஆனால் அந்த 5 சதவீதம் நாடு முழுக்க ரியல் எஸ்டேட் ஆபீஸ்களில் தூக்கத்தைக் கெடுத்தது. அடுத்த வருஷமே கலிஃபோர்னியா இதைச் சட்டமா எழுதியது. விற்பவர் வீட்டுக் குறைகளை நிரப்பிக் கொடுக்கிற படிவமும் அப்போதுதான் சட்டமாகி 1987-லிருந்து நடைமுறைக்கு வந்தது.

இப்போ தரகர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இவருக்கு வீடு விற்கத் தெரியும், அஸ்திவாரம் பற்றி என்ன தெரியும்? பொறுப்பு தலைமேல் தொங்குது. என்ன செய்வார்? "நீங்க ஒரு இன்ஸ்பெக்டரை வச்சுப் பார்த்துக்கோங்க"ன்னு வாங்குபவரிடம் சொல்லி, சொன்னதுக்குக் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார். டார்ச் லைட்டுக்காரருக்கு அடித்தது யோகம். அதுவரை சந்தேகப் பிராணிகள் மட்டும் கூப்பிட்ட ஆள், வீடு வாங்குவதில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டார். என் கேள்விக்குப் பாதி பதில் இங்கேதான் கிடைத்தது. காசு வாங்குபவருடையது. ஆனால் இவரை ஊருக்கெல்லாம் கூட்டிவந்தது தரகரின் பயம்.

அதே 1984 டிசம்பரில் பென்சில்வேனியாவில் நடந்ததையும் சொல்லணும். ஸ்டான்லி வாட்ராஸ் என்ற இன்ஜினியர் லிமரிக் அணுமின் நிலையத்தில் வேலை செய்தார். கதிரியக்கம் உடம்பில் ஒட்டியிருக்கா என்று பார்க்கிற கருவி அவரைக் கண்டால் அலறியது. வெளியே போகும்போது இல்லை, காலையில் உள்ளே வரும்போதே! அந்த உலை அப்போது மின்சாரம் தயாரிக்கவே ஆரம்பிக்கவில்லை. விஷயம் அவர் வீட்டில் இருந்தது. மண்ணிலிருந்து கசிகிற ரேடான் வாயு, லிட்டருக்குச் சுமார் 2,700 பிக்கோகியூரி. 4-ஐத் தாண்டினாலே சரிசெய்யுங்கள் என்கிறது இன்றைய அரசு வழிகாட்டல். குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டு, அடியிலிருந்து வாயுவை உறிஞ்சி வெளியேற்ற ஏற்பாடு செய்தபின் திரும்பி வந்தது. நிறமில்லை, மணமில்லை, எந்த டார்ச்சிலும் தெரியாது. அதுக்கப்புறம் பேஸ்மெண்ட்டில் ஒரு சின்ன டப்பாவை ரெண்டு நாள் வைத்து எடுத்துப்போவது இன்ஸ்பெக்ஷனின் வழக்கமான பகுதியா ஆகிவிட்டது. எங்க வீட்டிலும் வைத்தார்.

டார்ச்சுக்குத் தெரியாதது இன்னொன்றும் உண்டு. நியூயார்க் மாநிலம் நையாக் ஊரில் ஒருவர் 6,50,000 டாலருக்கு வீடு பேசி 32,500 டாலர் முன்பணமும் கொடுத்துவிட்டார். அப்புறம்தான் அது பேய் வீடு என்று ஊரே பேசுவது தெரிந்தது. சொந்தக்கார அம்மாவே ரீடர்ஸ் டைஜஸ்டில் எங்க வீட்டில் பேய் இருக்கு என்று பெருமையா எழுதியிருந்தார்! 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊருக்கே சொல்லிவிட்டு இப்போ இல்லை என்று மறுக்க முடியாது, ஆகவே சட்டத்தின் பார்வையில் இந்த வீட்டில் பேய் இருக்கிறது என்று தீர்ப்பெழுதியது. எவ்வளவு கவனமா இன்ஸ்பெக்ஷன் செய்தாலும் பேய் அகப்படாது என்பதால் வாங்குபவர் ஒப்பந்தத்திலிருந்து விலக அனுமதித்தது. சிரிப்பா இருந்தாலும் ஸ்விண்டன் வழக்கைப் படித்துவிட்டு இதைப் படித்தால் ஐம்பது வருஷத்தில் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று தெரியும். கரையானுக்குக் கிடைக்காத நியாயம் பேய்க்குக் கிடைத்தது.

தொழில் பெருத்தால் அரைகுறைகளும் வருவார்கள். டெக்சாஸ் 1985-ல் இன்ஸ்பெக்டர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நியூஜெர்சி 1998-ல் லைசென்ஸ் சட்டம் போட்டது. இவ்வளவுக்கும் காரணமான கலிஃபோர்னியாவிலோ இன்னிக்கும் இன்ஸ்பெக்டருக்கு லைசென்ஸ் வேண்டாம். பார்த்த வீட்டில் 12 மாதத்துக்கு ரிப்பேர் வேலை எடுக்கக் கூடாது என்ற மாதிரி சில விதிகளோடு சரி. முடிவெட்ட லைசென்ஸ் வேணும், வீடு பார்க்க வேண்டாம். என்னத்த சொல்ல.

இன்ஸ்பெக்டர் தப்பு செய்தால்? எங்க மாநிலத்திலேயே 'லூசியர் எதிர் வில்லியம்ஸ்' என்று ஒரு வழக்கு. முதல் தடவையா வீடு வாங்கிய ஜோடி. இன்ஸ்பெக்டருக்கு 385 டாலர் ஃபீஸ். குடிபோனதும் கூரை ஒழுகியது. சரிசெய்ய 8,000 முதல் 10,000 டாலர். இன்ஸ்பெக்டர் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். அவர் பொறுப்பு ஃபீஸில் பாதிதான் என்று அதில் இருந்தது. கீழ்க்கோர்ட்டும் சரி என்றது. 192 டாலர் 50 சென்ட்! கையெழுத்துப் போடும்போதே அந்த வரியை எதிர்த்திருக்கிறார்கள், இஷ்டமிருந்தா போடுங்க, இல்லைன்னா விடுங்க என்று பதில் வந்திருக்கிறது. 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வரியைத் தூக்கி எறிந்தது. வாழ்க்கையிலேயே பெரிய செலவை ஒருவர் வார்த்தையை நம்பிச் செய்கிறார்கள், அந்த ஆள் தப்பு செய்தால் பைசா நஷ்டமில்லை என்றால் கவனமா பார்க்க அவருக்கு என்ன கட்டாயம் என்பதுதான் தீர்ப்பின் அடிநாதம். எல்லா மாநிலத்திலும் இப்படிக் கிடையாது. சில இடங்களில் அந்த மாதிரி வரிகள் செல்லும். ஆகவே கையெழுத்துப் போடுமுன் படிங்க. (சொல்றது யாரு பாருங்க.)

விற்பவரே முன்கூட்டிப் பார்த்து அறிக்கை வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். பிரிட்டனில் முயன்றார்கள். இங்கிலாந்து 2007-ல் கொண்டுவந்த வீட்டுத் தகவல் கட்டில், வீட்டின் நிலைமை பற்றிய அறிக்கையைக் கட்டாயமாக்கத்தான் முதலில் திட்டம். ஆரம்பிக்கும் முன்பே அந்த உயிர்நாடியைப் பிடுங்கிவிட்டார்கள். மிச்சமிருந்ததையும் 2010-ல் நிறுத்தினார்கள். பக்கத்தில் ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பரிலிருந்து விற்பவர் செலவில் சர்வேயர் அறிக்கை கட்டாயம், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் வேறு மாதிரி திரும்பியது கதை. 2020, 2021 கொரோனா வருஷங்களில் வட்டி பாதாளத்துக்குப் போக, ஒரு வீட்டுக்கு இருபது பேர் போட்டி. ஜெயிக்கிற வழி என்ன? "எனக்கு இன்ஸ்பெக்ஷனே வேண்டாம்" என்று ஆஃபரில் எழுதுவது. ரொக்கமா வாங்குகிற பணக்காரருக்கு அது பெரிய விஷயமில்லை, அஸ்திவாரம் போனால் வேறு போட்டுக்கொள்வார். சேமிப்பையெல்லாம் முன்பணமா கொடுத்துவிட்டு முப்பது வருஷக் கடனில் இருக்கிறவருக்கு அப்படியில்லை. ஆனால் அவரும் எழுதினால்தான் வீடு. என் நண்பர்கள் ரெண்டு பேர் எழுதினார்கள். ஒருத்தருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொருத்தர் முதல் மழையில் பேஸ்மெண்ட்டில் வாளியோடு நின்றார்.

இதை முதலில் தடுத்தது எந்த மாநிலம் தெரியுமா? அதே மாசசூசெட்ஸ். 2024-ல் வந்த சட்டத்தின்படி போட்ட விதி 2025 அக்டோபர் 15-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. இன்ஸ்பெக்ஷன் வேண்டாம் என்று சொன்னால்தான் விற்பேன் என்று விற்பவர் நிபந்தனை போடக் கூடாது. எனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருகிற ஆஃபரை ஏற்கவும் கூடாது (குடும்பத்துக்குள் விற்பது மாதிரி சில விலக்குகள் உண்டு). ஆஃபர் ஏற்ற பிறகு வாங்குபவர் தானா பார்க்காமல் விட்டால் அது அவர் இஷ்டம். அந்த மாநிலத்தில் வீட்டை விற்கும் தரகர் இன்ன இன்ஸ்பெக்டரைக் கூப்பிடு என்று கை காட்டுவதையும் ஏற்கெனவே தடுத்திருக்கிறார்கள். எங்க ஏஜெண்டின் மூணு பெயர் காகிதம் ஞாபகம் வந்தது.

ஏன் மாசசூசெட்ஸ்? காரணம் யாரும் சொல்லி நான் படிக்கலை, இது என் ஊகம். அங்கே தரகருக்கும், வியாபாரமா வீடு விற்பவருக்கும் நுகர்வோர் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. ஆனால் குடியிருக்கும் வீட்டை விற்கும் சாதாரண ஆள், ஈயப் பெயிண்ட், செப்டிக் டேங்க் போன்ற சிலதைத் தவிர, கேட்காமல் எதையும் சொல்லவேண்டியதில்லை. 1942 தீர்ப்பின் அந்தப் பகுதி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. விற்பவர் வாய் திறக்கமாட்டார், இன்ஸ்பெக்டரும் வரமாட்டார் என்றால் வாங்குபவருக்கு மிஞ்சுவது கிச்சன் கவுண்ட்டர்தான்.

கடைசியா ஒரு விஷயம். இவ்வளவும் கரையானில் ஆரம்பித்ததா, எங்க இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்த அறிக்கையில் கரையான் பக்கத்தைத் தேடினேன். இல்லை. போன் போட்டுக் கேட்டால், "அது என் வேலையில் சேராது, பூச்சி மருந்து லைசென்ஸ் வைத்திருக்கும் ஆள் தனியா வரணும்" என்றார். சங்கத்தின் விதியிலும் அப்படித்தான், பூச்சிகளைப் பற்றிச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லையாம்.

இன்னொரு சனிக்கிழமை, இன்னொரு டார்ச். வந்தவர் பேஸ்மெண்ட் சுவரோரமா குனிந்து நடந்துகொண்டே போனவர் ஒரு மூலையில் நின்று என்னைக் கூப்பிட்டார். சிமெண்ட் தரையில் ஓரடிக்கு ஒன்றா, காசு அளவில் வட்ட வட்டமா பூசி அடைத்த ஓட்டைகள். அஞ்சாவது தடவையா அந்த வீட்டைப் பார்க்கிறேன், அதை ஏதோ டிசைன் என்று நினைத்திருந்தேன். "எப்பவோ ஒரு தடவை கரையான் வந்து, துளை போட்டு மருந்து இறக்கியிருக்காங்க. இப்ப ஒண்ணும் உயிரோட இல்லை. மருந்தடிச்ச ரசீது இருக்கான்னு விக்கிறவங்களைக் கேளுங்க" என்றார்.

கேட்டோம். மறுநாள் காலை ஏஜெண்ட் மூலமா ரசீது வந்துவிட்டது. பதினோரு வருஷப் பழசு, மடிப்பு கலையாமல் பத்திரமா வைத்திருந்திருக்கிறார்கள்.